வாட்டம் பார்க்கத் தெரிந்தவர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வரும் மார்ச்சில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஜோர்டான் செல்கிறேன். அம்மானில் வாடகைக் கார் எடுத்து, பாலைவன நெடுஞ்சாலை வழியாக நானே ஓட்டிக் காலையில் பெத்ரா என்ற பழைய பாறை நகருக்குப் போய், இரவுக்குள் திரும்பிவிடுவது திட்டம். இடிபாடுகள்தானே, ஒரு பகல் போதாதா? சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதுதான் பயமாக இருக்கிறது. அப்பா விவசாயி, பழைய கட்டடங்களில் ஆர்வம் இல்லாதவர். அவரை நுழைவாயிலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் கஸ்னே என்ற புகழ்பெற்ற பாறை முகப்பு வரை போய்ப் படம் எடுத்துவரலாம் என்றிருக்கிறேன். உங்கள் ஆலோசனை வேண்டும்.

ம., பொள்ளாச்சி

அன்புள்ள ம.,

வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் ஓட்டாதீர்கள். அடையாளமில்லாத வேகத்தடைகளும் குறுக்கே வரும் ஒட்டகங்களும் அங்கே உண்டு. வண்டியைப் பற்றி நான் சொல்ல இருப்பது இவ்வளவே. 'நுழைவாயிலில் உட்காரவைத்துவிட்டு' என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை அதே சாலையில் அதே அவசரத்தோடு அழைத்துச் சென்றேன். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில், கோடையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பி வளர்ந்தவர் அவர். பெத்ராவுக்குள் நுழையும் சீக் என்ற மலையிடுக்கு ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நீளம். நான் முன்னால் விரைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா பாறைச் சுவரில் கைவைத்தபடி நின்றிருந்தார். "இம்புட்டு மலைக்குள்ள குடியிருந்திருக்காக, குடிதண்ணிக்கு என்ன செஞ்சாக?" என்று கேட்டார். "அதெல்லாம் அப்புறம், வெயில் ஏறுறதுக்குள்ள வாம்மா" என்றேன். அந்தக் கேள்விக்கான விடையின் மேல்தான் அவர் கைவைத்திருந்தார் என்பது இரண்டாம் முறை போனபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை.

அவர் தொட்டது, பெத்ராவைக் கட்டிய பழங்கால மக்களான நபத்தேயர் வெட்டிய வாய்க்கால். ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இடத்தில் தலைநகர் அமைத்த அந்த மக்கள், மேட்டிலுள்ள ஐன் மூசா ஊற்றின் நீரை, சீக்கின் ஒரு சுவரில் பாறையைச் செதுக்கிய வாய்க்காலிலும் மறு சுவரில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களிலும் நகருக்குள் கொண்டுவந்தார்கள். வண்டல் தங்குவதற்கு இடையிடையே தொட்டிகள் வைத்தார்கள். மழைக்காலத்தில் அதே இடுக்குக்குள் வெள்ளம் பாய்ந்துவிடாதபடி வாயிலேயே அணை கட்டி, மலையைக் குடைந்து, நீரை வேறொரு ஓடைக்குத் திருப்பினார்கள். அந்த அணை சிதைந்து கிடந்த காலத்தில், 1963-இல், திடீர் வெள்ளம் சீக்குக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொன்றது. மறு ஆண்டே அதே இடத்தில் அணையை மீண்டும் கட்டினார்கள். கஸ்னே என்பது ஒரு கல்லறை முகப்பு. சுமார் 40 மீட்டர் உயரம், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரம் உயிரோடு இருந்தது கஸ்னேயால் அல்ல, இந்த வாய்க்காலால். வாழ்நாள் முழுவதும் மடை திறந்து, வாட்டம், அதாவது நீர் ஓடும் சரிவு, பார்த்து நீர் பாய்ச்சிய ஒருவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு, வாட்டம் என்றால் என்னவென்றே தெரியாத நாம் உள்ளே போய்ப் படம் எடுத்து வருவதா? ஆர்வம் இல்லாதவர் என்று அவரிடம் கேட்டா எழுதினீர்கள்?

ஒரு பகல் போதாது. நான் கடைசியாகப் போனபோது ஒரு நாள் சீட்டு 50 தினார், இரண்டு நாள் சீட்டு 55 தினார். ஐந்து தினாருக்காக அப்பாவை ஓட வைக்காதீர்கள். பெத்ராவை ஒட்டிய ஊரான வாடி மூசாவில் இரண்டு இரவு தங்குங்கள்.

போகும்போது பாலைவன நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, மதபா, கெராக் வழியாகச் செல்லும் பழைய சாலையில் ஓட்டுங்கள். மூன்று மணி நேரப் பயணம் முழுப் பகலாகும், ஆகட்டும். ஏதோம் நாட்டு மன்னனிடம் மோசே வழி கேட்டு ஆளனுப்பியதாக விவிலியத்தின் எண்ணாகமம் சொல்லும் ராஜபாதையின் பெயரைத்தான் அந்தச் சாலை இன்றும் தாங்கியிருக்கிறது. உங்கள் கிணற்று நீரைக் குடிக்க மாட்டோம், குடித்தால் விலை தருகிறோம் என்று அங்கே மோசேயின் மக்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். வாடி முஜீப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, அடியில் தெரியும் நீர்த்தேக்கத்தை அப்பாவுக்குக் காட்டிவிட்டு, அந்த வாக்கையும் சொல்லுங்கள். தண்ணீருக்கு விலை பேசும் பேச்சு அவருக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

நுழைவாயிலிலிருந்து கஸ்னே வரை மின்கல வண்டிகள் உண்டு. போகும்போது அவரை அதில் ஏற்றாதீர்கள், வாய்க்கால் கண்ணில் படாது. திரும்பும்போது ஏற்றம் என்பதால் ஏற்றிக்கொள்ளுங்கள். சீக்கின் வாயில், அணைக்கு அருகே, அவரை முன்னால் விட்டுவிட்டு நீங்கள் பின்னால் நடங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீங்களும் நில்லுங்கள். அவர் என்ன கேட்டார் என்பதை எனக்கு எழுதுங்கள், படங்கள் வேண்டாம்.