நாசரேத்தில் கூடியவர்கள்

கேள்வி: ஜெர்மானியரும் யூதரும் பேசிக்கொள்ள ரஃபேல் மோசஸ் என்றொருவர் பாடுபட்டாராமே, யார் அவர்?

பதில்: இஸ்ரேலின் உளப்பகுப்பாய்வாளர், அதாவது நோயாளியைப் பேசவைத்து அடிமனதை ஆராய்ந்து சிகிச்சை தருபவர்; அந்த முறையைத் தொடங்கிய ஃப்ராய்டின் சிந்தனை வழியில் வந்தவர். 1977இல் ஜெருசலேமில் நடந்த உளப்பகுப்பாய்வாளர்களின் உலக மாநாட்டில், அடுத்ததை பெர்லினில் நடத்தலாமே என்று ஜெர்மானியர்கள் அழைக்க, பெரிய எதிர்ப்பு கிளம்பி அழைப்பு தள்ளப்பட்டது. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததன் ரணம் அவ்வளவு. அப்புறம் 1985இல்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கூடினார்கள். கைகுலுக்கிப் படமெடுத்துக்கொண்டால் தீருகிற விஷயமா இது? மோசஸ், அவர் மனைவி ரேனா, இரு நாட்டுச் சகாக்கள் எல்லாரும் முயன்றதில் 1994இல் இஸ்ரேலின் நாசரேத் நகரில் நாசரேத் மாநாடுகள் தொடங்கின. மேடையேறி கட்டுரை வாசிப்பதெல்லாம் கிடையாது; இரு தரப்பு உளப்பகுப்பாய்வாளர்களும் நாள்கணக்கில் குழுவாக உட்கார்ந்து, எதிரிலிருப்பவர் மீது தங்களுக்குள் எழும் கோபம், பயம், குற்றவுணர்வு எதுவானாலும் அவர் முகத்துக்கு நேரே பேசவேண்டும். மன்னிப்புச் சடங்கு இல்லை, எனக்கு அதுதான் பிடித்தது. மூன்றாவது மாநாடு 2000இல் ஜெர்மனியிலேயே, பாட் செகெபெர்கில் நடந்தது.