நிலம் இருந்தால் உதவித்தொகை கிடையாதா?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: “3 ஏக்கர் நஞ்சை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் போகிறாள். நிலம் இருப்பதால் உதவித்தொகை வராது, கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் மகன் பட்டதாரி என்பதால் முதல் பட்டதாரி சலுகையும் வராது என்கிறார் ஓர் ஏஜெண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் அவரே வாங்கித் தருவாராம்.”

ஐயா, முதலில் அந்த ஏஜெண்டிடம் மகளின் டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல்களைக் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பி வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உதவித்தொகைக்குப் பார்ப்பது ஆண்டு வருமானத்தை. எத்தனை ஏக்கர் என்பதையல்ல. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் எல்லோருக்கும் வரம்பு 2.5 லட்சம் ரூபாய். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம். ‘குறைத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள். வி.ஏ.ஓ.வுக்கு உங்கள் வயலும் தெரியும், அடங்கலும் தெரியும்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணத்தில் தருவதுதான் முதல் பட்டதாரி சலுகை. அதற்கு வருமான வரம்பே இல்லை. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் மகன் உங்கள் மகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், உடன்பிறந்தவன் அல்ல. ஒரே ரேஷன் கார்டு, ஒரே உலை என்றாலும் அவன் கணக்கில் வரமாட்டான். பெரியப்பாவே எம்.ஏ. என்றாலும் வரமாட்டார். மகளின் சொந்த அக்கா பி.ஏ. முடித்திருந்தால் மட்டும் கதை வேறு. முதல் பட்டதாரி சான்றுக்கான மனு திரும்பி வந்தால், ‘உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லை’ என்று அழுத்திச் சொல்லுங்கள். கார்டில் பெயரைப் பார்த்ததும் தள்ளிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டிலிருப்பவர்களை எண்ணத் தெரிந்தவர்களுக்கு உறவுமுறை தெரியவில்லை!

ஆனால் இந்தச் சலுகை கவுன்சிலிங்கில் சேர்ந்தவர்களுக்கே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே அது போய்விடும். ஏஜெண்டு வாங்கித் தருவதாகச் சொன்னது இல்லாத பொருள். குறுவை நாற்று விடுகிற நேரத்தில் கிராமம் கிராமமாகக் காரில் வருகிறார்களே, அவர்களுக்குக் கல்லூரி தருவது தலைக்கு இத்தனை என்ற கமிஷன்.

இன்ஜினியரிங் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. உங்கள் மகளுக்கு இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆனால் 6-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணையுங்கள். சான்றுகளுக்கு இப்போதே மனுப் போடுங்கள்; சேர்க்கை நெருங்கினால் சர்வர் படுத்துவிடும்.