ஓட்ஸ் குக்கீஸ்: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கடையில் விற்கும் ஓட்ஸ் குக்கீஸுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். எந்த ஓட்ஸ் வாங்குவது? – வாசகி, திருச்சி

பதில்: முதலில் கடை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும்படிதான் உட்பொருள்களை அச்சிட வேண்டும். மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் வந்த பிறகு ஓட்ஸ் தலைகாட்டினால், அது ஓட்ஸ் தூவிய மைதா பிஸ்கட்தான்.

வீட்டுக்கு ரோல்டு ஓட்ஸ் வாங்குங்கள். அவல் போல முழுதாகத் தட்டையாக இருக்கும். மெல்லும்போது பல்லில் தெரியும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மாவோடு கரைந்துவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் நொய் மாதிரி உடைத்தது, கால் மணி நேர ஓவன் சூட்டில் வேகாது. மசாலா ஓட்ஸில் உப்பும் வெங்காயத் தூளும் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: முதல் முறை குக்கீஸ் எல்லாம் உருகி ஓடி ஒரே தோசையாகிவிட்டது. அடுத்த முறை கல் மாதிரி. எங்கே தப்பு? – வாசகர், சேலம்

பதில்: ஓடியதற்குக் காரணம் வெண்ணெய். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் அது சீக்கிரமே எண்ணெய் பதத்துக்குப் போய்விடும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பளபளக்கக் கூடாது, அதுதான் பதம்.

100 கிராம் வெண்ணெயோடு, சலித்த நாட்டுச் சர்க்கரை 100 கிராம் சேர்த்து 2 நிமிடம் அடியுங்கள். ஒரு முட்டை (முட்டை வேண்டாம் என்றால் 3 மேசைக்கரண்டி பால்). பிறகு கோதுமை மாவு 100 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் இந்த உப்பு வேண்டாம். கடைசியில் ஓட்ஸ் 120 கிராம், உலர்திராட்சை 50 கிராம். பிசையாமல் கிளறினால் போதும்.

கலவையை 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகும், ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெரிய நெல்லிக்காய் அளவு, 25 கிராம் உருண்டையாக எடுத்தால் 20 வரும். லேசாகத் தட்டி, மூன்று விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி, 12 முதல் 14 நிமிடம். இரண்டாம் ஈடுக்கு ட்ரே ஆறியிருக்க வேண்டும். சூடான ட்ரேயில் வைத்தால், வேகும் முன்பே வெண்ணெய் உருகி மறுபடி தோசைதான்.

கல்லானது, நடுப்பகுதியும் கெட்டியாகட்டும் என்று நீங்கள் காத்திருந்ததால் இருக்கலாம். ஓரம் சிவந்து நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ட்ரேயிலேயே 5 நிமிடம் விட்டால் இறுகிவிடும். மாவைக் கப்பில் அழுத்தி அளந்தாலும் கல்தான், 120 கிராம் கொள்ளும் கப்பில் 150 போய்விடும். ஆகவே புது அச்சு, புது ட்ரே எல்லாம் பிறகு. முதலில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள்.

சோடாவைக் கூட்டாதீர்கள், சோப்பு வாடை வரும். சோடா இல்லையென்றால் முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். குக்கீஸ் கொஞ்சம் உப்பலாக வரும், அவ்வளவுதான்.

கேள்வி: மைக்ரோவேவ் இருக்கிறது. ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) தனியாக வாங்க வேண்டுமா? – வாசகி, கோவை

பதில்: உங்களுடையதில் கன்வெக்ஷன் வசதி இருந்தால் வேண்டாம். விசிறி சூட்டைச் சுழற்றுவதால் 160 டிகிரி வையுங்கள். கிரில், கன்வெக்ஷன் இரண்டும் இல்லாத சோலோ மைக்ரோவேவில் குக்கீஸ் சிவக்காது. கிரில் மட்டும் உள்ளதில் மேலே கருகும், அடி வேகாது.

ஓடிஜி வாங்கினால் வாட்ஸைப் பாருங்கள். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 230 வோல்ட்டில் 1380 வாட்ஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் என்றால் 16 ஆம்பியர் பாயின்ட் தேவை. ஓவன் வைக்கும் இடத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: மேலே சொன்ன அளவில் கோதுமை மாவு இருக்கிறது, கூடாது. மாவை மாற்றினாலும் சாதாரண ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்திருக்கும். குளூட்டன் (கோதுமையில் உள்ள, இந்த நோய்க்கு ஆகாத புரதம்) இல்லை என்று அச்சிட்ட ஓட்ஸைக்கூட டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.