மீசை நரைத்தவருக்கும் ‘பெற்றோர் அனுமதி’யா? – கேம் கணக்குகள் குறித்த கேள்வி-பதில்

சொந்தக் கணக்கு, சொந்தப் பணம், சொந்தக் கணினி. ஆனாலும் ‘உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள்’ என்று திரை சொல்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இந்தப் பூட்டு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கணக்கில் பதிவான பிறந்த தேதி, கணக்கு சேர்ந்திருக்கும் குடும்பக் குழு, அல்லது கருவியில் போட்ட பின் எண். எந்த இடம் என்று தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றுவதும் கேமை அழித்து மீண்டும் நிறுவுவதும் வீண் வேலை.

எனக்கு 34 வயது. மகளோடு விளையாடலாம் என்று மைன்கிராஃப்ட் வாங்கினேன். சர்வரில் சேரப் போனால் மல்ட்டிபிளேயர் (பலர் சேர்ந்து ஆடும் வசதி) முடக்கப்பட்டிருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் அமைப்புகளைப் பாருங்கள் என்கிறது. மகளுக்குத் திறக்கிறது, எனக்குத் திறக்கவில்லை! – கோவை வாசகர்

கணக்கைத் தொடங்கியபோது பிறந்த தேதிக் கட்டத்தில் என்ன போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். அவசரத்தில் கைக்கு வந்த ஆண்டைத் தட்டிவிட்டு மேலே போனவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துக்குள் நுழைந்தால், உங்கள் விவரங்கள் பகுதியில் தேதி தெரியும். அது தவறாக இருந்தால் அங்கேயே திருத்துங்கள். உங்கள் கணக்கு யாருடைய குடும்பக் குழுவிலாவது ‘குழந்தை’யாகச் சேர்க்கப்பட்டிருந்தால், குழுவை நடத்துபவரின் ஒப்புதல் தேவைப்படும்.

தேதியைத் திருத்திய பிறகும் கேம் அடம்பிடிக்கலாம். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மைன்கிராஃப்டின் ஆன்லைன் அனுமதிகள் மைக்ரோசாஃப்டின் கேம் சேவையான எக்ஸ்பாக்ஸில் இருக்கின்றன. உங்களிடம் எக்ஸ்பாக்ஸ் கருவியே இல்லாவிட்டாலும் உங்கள் பெயரில் அங்கே ஒரு தனியுரிமைப் பக்கம் உண்டு. குழந்தை, பதின்வயதினர், பெரியவர் என்ற மூன்று ஆயத்த அமைப்புகள் அதில் இருக்கும். பெரியவருக்கானதைத் தேர்ந்தெடுங்கள். மல்ட்டிபிளேயர் கேமில் சேரலாம் என்ற வரியில் ‘அனுமதி’ இருக்கிறதா என்றும் தனியாகப் பாருங்கள். பிறகு கேமைத் தொடங்கும் செயலியான லாஞ்சரிலிருந்து முழுமையாக வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய அனுமதியே தொடரக்கூடும்.

ஒரு தேதிக்கு இத்தனை கெடுபிடி ஏன் என்றால், காரணம் அமெரிக்கச் சட்டம். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டக் கூடாது என்று 1998-இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். அதை மீறியதாக எழுந்த வழக்கில், ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 27.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2022-இல் ஒப்புக்கொண்டது. அந்தத் தொகையைப் பார்த்த எந்த நிறுவனமும், சந்தேகம் வந்தால் உங்களைக் குழந்தையாகவே நடத்தும்.

வயது 19. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் அப்பா தொடங்கிய குடும்பக் குழுவில் நான் இன்னும் ‘குழந்தை’. இரவு பத்துக்கு மேல் எந்த கேமும் திறக்காது. 18 முடிந்ததும் தானாக விலகிவிடும் என்று நினைத்தேன். அப்பாவுக்குச் சொல்லாமல் வெளியேற முடியுமா? – திருச்சி கல்லூரி மாணவர்

ஸ்டீமில் ‘குழந்தை’ என்பது உங்களைக் குடும்பத்தில் சேர்த்தவர் கொடுத்த நிலை. பிறந்தநாள் வந்தாலும் போனாலும் அது மாறாது. பெரியவராகச் சேர்ந்தவர் நினைத்தபோது விலகலாம். குழந்தையாகச் சேர்ந்தவர் தானாக விலக முடியாது. குடும்பத்திலுள்ள பெரியவர் ஒருவர் நீக்க வேண்டும், அல்லது ஸ்டீம் உதவிப் பிரிவு நீக்க வேண்டும். உதவிப் பிரிவுக்கு எழுதுவதைவிட அப்பாவிடம் பேசுவது விரைவில் முடியும். இரண்டு நிமிட வேலை அது. அவர் மறந்தே போயிருக்கவும் கூடும்.

விலகுமுன் லாப நஷ்டம் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் உங்களுடனே வரும். அப்பா வாங்கி, நீங்கள் பகிர்ந்து விளையாடியவை வராது. வேறொரு ஸ்டீம் குடும்பத்தில் சேரவோ புதிதாகத் தொடங்கவோ ஓராண்டு இடைவெளி வேண்டும். அந்த ஓராண்டு நீங்கள் விலகும் நாளிலிருந்து ஓடுவதில்லை, பழைய குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓடும். சேர்ந்து ஓராண்டு தாண்டிவிட்டது என்றால் கவலை இல்லை. போன மாதம்தான் சேர்ந்தீர்கள் என்றால், விடுதி நண்பர்களோடு குடும்பம் அமைக்கும் திட்டத்தை ஒத்திப்போடுங்கள். ஸ்டீம் அதை ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குரூப் 2 தேர்வுக்குப் படிப்பதற்காக என் ஸ்டீம் கணக்குக்கு நானே குடும்பப் பார்வை (கேம்களைப் பூட்டும் வசதி) பின் எண் போட்டேன். தேர்வு முடிந்துவிட்டது, பின் எண் மறந்துவிட்டது. – தஞ்சாவூர்

தனக்குத் தானே தகப்பனாக இருந்த உங்களைப் பாராட்டுகிறேன். பின் எண் போட்டபோது ஒரு மீட்பு மின்னஞ்சலும் கேட்டிருப்பார்கள். பின் எண் மறந்துவிட்டது என்ற இணைப்பை அழுத்தினால் அந்த முகவரிக்கு வழி வரும். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்டீம் உதவிப் பிரிவுதான். கணக்கு உங்களுடையது என்று காட்ட, பழைய கட்டண ரசீது ஒன்றைத் தேடி வையுங்கள்.

பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். புதிதாக என் கணக்கில் நுழைந்த பிறகும் பாஸ்கோட் கேட்கிறது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

0000 போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லாக் கருவியிலும் அதுதான். பலர் அதை மாற்றுவதே இல்லை. திறந்தால் உடனே உங்களுக்கென்று வேறு எண் வையுங்கள். திறக்காவிட்டால் கருவியை முழுமையாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு, அணைந்திருக்கும் கருவியின் பவர் பட்டனை இரண்டாவது ‘பீப்’ கேட்கும் வரை, ஏறத்தாழ ஏழு விநாடி, அழுத்திப் பிடித்துப் பாதுகாப்பு நிலைக்குப் போங்கள். உள்ளே சேமித்த ஆட்டங்கள் எல்லாம் போய்விடும் என்பதால் வேண்டியதை முன்பே நகல் எடுத்துவிடுங்கள். இது கருவிக்குப் போட்ட பூட்டு. உங்கள் கணக்கில் எந்தக் குறையும் இல்லை.

27 வயதான எனக்கும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) கேம் ஆறு மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது. பெற்றோர் கட்டுப்பாட்டை எங்கே நீக்குவது?

அந்தப் பூட்டை உங்கள் பெற்றோர் போடவில்லை. 2023 மே மாதம் அந்த கேம் இந்தியாவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வந்தது. ஆறு என்று காட்டினால் உங்களைப் பெரியவராகவே பதிந்திருக்கிறார்கள். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

பள்ளியில் படித்தபோது கேம் கணக்குக்கு அம்மாவின் மின்னஞ்சலைப் பெற்றோர் முகவரியாகக் கொடுத்தேன். அந்த முகவரி இப்போது செயல்படவில்லை. எனக்கு வயது 24. மாற்றக் கேட்டால் அங்கேதான் இணைப்பை அனுப்புகிறார்கள். – சென்னை

தானியங்கி வழியை விட்டுவிட்டு, நிறுவனத்தின் உதவிப் பிரிவில் மனிதர் படிக்கும் கோரிக்கையாக எழுதுங்கள். கணக்கின் பெயர், தொடங்கிய ஆண்டு, கேம் வாங்கிய ரசீது எண் ஆகியவற்றோடு, ‘நான் 18 வயது நிறைந்தவர், பெற்றோர் முகவரி செயலிழந்துவிட்டது, கட்டுப்பாட்டை நீக்க வேண்டும்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். கதையை நீட்டினால் தயார் நிலையில் இருக்கும் பதிலே திரும்பி வரும். அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரைக் கொடுப்பதென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரவிறக்கிக் கொடுங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் ஓட்டுநர் உரிமம். கணக்கிலுள்ள பெயரும் அட்டையிலுள்ள பெயரும் வேறாக இருந்தால் அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘இருட்டு மன்னன்’ என்ற பெயரில் பதிந்தவர்கள் இங்கே கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

எனக்கு 16 வயது. பிறந்த ஆண்டை 2000 என்று மாற்றினால் போதுமா?

உதவ மாட்டேன். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 நிறையாதவர் குழந்தைதான். இப்போது பல நிறுவனங்கள் முகத்தையோ அட்டையையோ காட்டச் சொல்லி வயதைச் சரிபார்க்கின்றன. அங்கே பொய் தெரிந்தால் சேர்த்த கேம்களோடு கணக்கு முடங்கலாம். பெற்றோரின் செயலியில் கூடுதல் நேரம் கேட்டு அனுப்பும் வசதி பல கேம்களில் உண்டு. தேர்வு முடிந்த வாரத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஐநூறு ரூபாய் கொடுத்தால் எந்தக் கட்டுப்பாட்டையும் நீக்குவதாக ஒருவர் டெலிகிராமில் சொன்னார். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டேன்.

அவருக்குக் கட்டுப்பாட்டில் ஆர்வமில்லை, உங்கள் கணக்கில்தான். வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து கேம் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். மீட்பு எண்ணை அவர் மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். சேமித்து வைத்த அட்டையை நீக்குங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள்.