சி.ஆர்.பி. இறங்கியது சரி, ஆல்புமின் ஏன் இறங்கியது?

கேள்வி: உடல் பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆகிறது. 27 கிலோ குறைந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 11-லிருந்து 3-க்கு வந்திருக்கிறது. ஆல்புமினும் 4.2-லிருந்து 3.3 ஆகிவிட்டது. “எடை இறங்கினால் எல்லாமே இறங்கத்தானே செய்யும்” என்கிறார் கணவர். அப்படித்தானா?

பதில்: அவர் சொல்வது பாதிதான் சரி.

சி.ஆர்.பி. கல்லீரல் தயாரிக்கும் புரதம். ஆனால் தயாரிக்கச் சொல்லித் தூண்டுவதில் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ஐ.எல்-6 போன்ற புரதங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். எங்கோ அழற்சி (காயம், கிருமி போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) என்று கல்லீரலும் சி.ஆர்.பி.யைக் கூட்டும். ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குக் காயத்தால் இது எகிறும். அப்புறம் கொழுப்பு கரையக் கரைய, மாதக்கணக்கில் இறங்கும். கொழுப்பில் சுரந்து பசியை அடக்கச் சொல்லும் லெப்டின் ஹார்மோனும் அப்படியே. அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் மட்டும் விசித்திரம்: கொழுப்பில் பிறந்தாலும், கொழுப்பு குறைந்தால் கூடும். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுவதால் அது கூடுவது நல்லதுதான்.

ஆல்புமின் கதை வேறு. அதுவும் கல்லீரல் தயாரிக்கும் புரதம்தான்; ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்க உதவுவது. அழற்சி இருக்கும்போதுதான் கல்லீரல் அதைக் குறைத்துத் தயாரிக்கும். அழற்சி அடங்கினால் ஆல்புமின் ஏற வேண்டும், இருந்த இடத்திலாவது நிற்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறது; அதுதான் எனக்கு உறுத்துகிறது. சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்பது என் முதல் சந்தேகம். கல்லீரல் எப்படி இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் டாக்டர் பார்த்துவிடட்டும். தள்ளிப்போடாதீர்கள்.

கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. ஆல்புமின் குறைந்தாலும் இப்படி ஆகும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. சுருங்கிய இரைப்பையில் நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடும். அந்த நாலு வாயும் முதலில் புரதமாக இருக்கட்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆல்புமினின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம், சுமார் 20 நாள். அதனால் சாப்பாட்டை மாற்றிய மறுவாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம்.

அடுத்த முறை, உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். அழற்சி இருந்தபோது அது உயர்ந்து நின்று இரும்புச்சத்துக் குறைவை மறைத்திருக்கலாம். இப்போது எடுத்தால் உண்மை தெரியும்.