சேத்துக்கோழி

அன்புள்ள ஐயா,

ஜனவரி கடைசி வாரம் ஊட்டி போயிருந்தேன். மாலை ஆறே முக்கால் இருக்கும். சோலைக்காட்டு ஓரமாக நடந்தபோது காலடியிலிருந்து படபடவென்று ஒரு பறவை எழுந்து இருபதடி தள்ளி உட்கார்ந்தது. புறா அளவு, நீளமான நேர் அலகு, காய்ந்த சருகு நிறம். டார்ச் அடித்துப் படம் எடுத்தேன், இணைத்துள்ளேன். செயலி 'உட்காக்' என்கிறது. நண்பர் 'உட் ஸ்னைப்' என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? தமிழில் மரச்சேவல் எனலாமா? இமயமலையில் கூடுகட்டும் நீர்ப்பறவைக்கு ஏரிகூட இல்லாத அந்த மேட்டில் என்ன வேலை, வழிதவறி வந்துவிட்டதா? அரிய பதிவு என்றால் முகநூலில் போடலாம் என்றிருக்கிறேன். இடத்தின் மேப் லிங்க் கீழே.

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள தம்பிக்கு,

லிங்க்கை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். நீங்களும் எங்கேயும் போடாதீர்கள். போட்டால் அடுத்த சனிக்கிழமையே அங்கே பத்து கேமரா நிற்கும், ஆளுக்கொரு டார்ச்சோடு.

அந்த டார்ச்சுக்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. நீங்கள் எடுத்த படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். கண் எங்கே இருக்கிறது? உச்சந்தலைக்குப் பக்கத்தில், பின்னால் தள்ளி. அலகு முழுக்கச் சேற்றில் புதைந்திருக்கும்போதும் முன்னால், பின்னால், மேலே என்று சுற்றிலும் பார்க்க முடியும். இருட்டில் மேய்வதற்கென்றே வந்த கண் அது. அதில் போய் வெளிச்சத்தை அடித்திருக்கிறீர்கள். அசையாமல் உட்கார்ந்திருந்ததே, உங்களுக்கு போஸ் கொடுத்தது என்று நினைத்துவிட்டீர்களா?

சரி, உட்காக்தான். பின்தலையில் கறுப்புப் பட்டைகள் குறுக்காக ஓடுகின்றன. ஸ்னைப்புக்கு, நாம் உள்ளான் என்கிறோமே அதற்கு, தலைக்கோடு நெடுக்காக ஓடும். உட் ஸ்னைப்பும் குளிருக்கு நீலகிரி வரும், உலக அளவிலேயே ஆபத்தில் இருக்கும் பறவை, அதனால் உங்கள் நண்பரின் ஆசை புரிகிறது. மரச்சேவல் வேண்டவே வேண்டாம், பாவம். வழியும் தவறவில்லை. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வந்து மார்ச் வாக்கில் திரும்பிவிடும். ஊட்டித் துரைமார்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே சோலைக்குள் நாயை விட்டு இதை எழுப்பிச் சுட்டிருக்கிறார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாளைக்குச் சுட மிச்சம் இருக்க வேண்டுமே என்ற கவலைதான்.

உங்கள் கேள்விகள் அவ்வளவுதான். என்னைக் குத்தியது வேறு: 'ஏரிகூட இல்லாத அந்த மேட்டில்'.

நீலகிரியில் எதைத் தம்பி ஏரி என்கிறீர்கள்? ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் வெட்டவைத்தது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் மின்சாரத்துக்காக அணை போட்டுத் தேக்கியவை. அதற்கெல்லாம் முன்னால் இந்த மலையின் தண்ணீர் எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? புல்மேட்டுக்கும் சோலைக்கும் நடுவே, பள்ளத்துச் சதுப்பில். பார்த்தால் வெறும் புல். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். உள்ளே கன்னங்கரேலென்று மக்கியும் மக்காமலும் கிடக்கிற புல், வேர், இலை. அந்தக் கறுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் இங்கே எப்போது மழை கூடியது, எப்போது புல் பரவியது என்று 1993இல் எழுதினார்கள். ஏரிக்கு வயது 200. உங்கள் கால் இறங்கிய சேற்றுக்கு வயது என்ன என்று போட்டுப் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். விடிகாலையில் புல்லை மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மேல்மண் இறுகிவிடும். ஊற்று கசிகிற சதுப்பு மட்டும் இளகியே இருக்கும், மண்புழுவும் அங்கே மேலாக இருக்கும். உட்காக்கின் அலகு மூன்று அங்குலம் நீளம். சேற்றுக்குள் செருகியபின் நுனியை மட்டும் இடுக்கி போலத் திறக்க அதற்குத் தெரியும். புழு நெளிவதை அந்த நுனியே உணர்ந்துவிடும். பகலெல்லாம் சோலைக்குள் சருகோடு சருகாகக் கிடந்துவிட்டு, இருட்டினதும் சதுப்புக்கு வரும். சோலையும் வேண்டும், சதுப்பும் வேண்டும், இரண்டும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நாம் சதுப்பை 'வெட்டியா தண்ணி நிக்கிற இடம்' என்போம். கற்பூர மரமும் சீகையும், அதாவது யூகலிப்டஸும் வாட்டிலும், நட்டுக் காயவைப்போம். இல்லையென்றால் வாய்க்கால் வெட்டுவோம்.

நானே வெட்டியிருக்கிறேன்.

எனக்குப் பதினோரு வயது. ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, கீழே அப்பா இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டார். அடிப்பக்கம் கால் ஏக்கர் சதுப்பு. குத்தகை கொடுப்பது முழு இரண்டு ஏக்கருக்கு, அதில் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது என்பது அவருக்கு முள்ளாக உறுத்தியது. முதல் குளிர்காலத்தில் பன்றிக் காவலுக்கு அந்தியிலேயே போய் உட்கார்ந்துவிடுவோம். சோலையிலிருந்து ஒரு பறவை, தினமும் ஒன்றே ஒன்று, வௌவால் மாதிரி சத்தமில்லாமல் தலைக்கு மேலே வந்து சதுப்பில் இறங்கும். "சேத்துக்கோழி வந்துருச்சு, மணி ஆறரை" என்பார் அப்பா. எங்களிடம் கடிகாரம் கிடையாது.

பிப்ரவரியில் வாய்க்கால் வெட்டினோம். நடுவில் ஒன்று, அதிலிருந்து மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் மும்மூன்று. கறுப்பு மண்ணைக் கூடையில் சுமந்தது நான். மண்ணுக்குள் முழங்கை நீளத்தில் ஒரு மரத்துண்டு கிடைத்தது, பட்டை கூட உரியாமல். அப்பா அதைக் காயவைத்து அடுப்பில் வைத்தார். எரிந்தது. அன்றைக்கு அதில்தான் டீ போட்டோம்.

கேரட் பிரமாதமாக விளைந்தது, அதை மறைக்க மாட்டேன். மேட்டுப்பாளையம் மண்டியில் நல்ல விலை, எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர். நவம்பரில் சேத்துக்கோழி வந்தது. கேரட் பாத்திக்கு மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டு சோலைக்கே திரும்பியது. மறுநாளும் அதேதான். அப்புறம் காணோம். இந்தப் பறவைகள் வருஷா வருஷம் அதே குளிர்கால இடத்துக்கே திரும்புவதை, வளையம் மாட்டிவிட்டு ஐரோப்பாவில் கண்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் பார்த்தது ஏதோ ஒரு பறவையை இல்லை. அதையேதான்.

மூன்றாம் வருஷம் மார்ச்சிலேயே ஹட்டிக்காரர்கள் குடிக்கிற கீழ் ஊற்று நின்றுபோனது. சண்டைக்கு வந்தார்கள். "நான் குத்தகை எடுத்த நிலத்துலதானே வெட்டினேன்" என்று அப்பாவும் கத்தினார். அடுத்த வருஷம் குத்தகை கிடைக்கவில்லை.

இப்போது நீங்கள் 'அரிய பதிவு' என்கிறீர்கள். நாலைந்து மாதம் ஒரே சேற்றில் குடியிருக்கிற பறவை அது. அந்தப் பக்கம் இருட்டுகிற வரைக்கும் யாரும் நிற்பதில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு நிற்கத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொரு முறை போனால் டார்ச் இல்லாமல் நில்லுங்கள்.

அப்பாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது. நேற்று ராத்திரி உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்க யாராச்சும் வாய்க்கா வெட்டிருக்காங்களான்னு அந்தத் தம்பிகிட்டக் கேளு" என்றார்.

வெட்டியிருக்கிறார்களா?