நகராட்சியில பில்டிங் இன்ஸ்பெக்டர் வேலை பொண்ணுங்களுக்கு ஒத்து வருமான்னு கேட்டிருக்கீங்க

தாராளமா வரும். எங்க அத்தை செங்கோட்டை பக்கம் கேரளா பார்டர்ல 31 வருஷம் இந்த வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, கூடவே இருந்து பார்த்ததை சொல்றேன்.

பாதி வேலை ரோடு, வாறுகால் (சாக்கடை) னு போயிடும். மீதி விதிமீறல். பெர்மிஷன் இல்லாம கட்டுனா 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 57-வது பிரிவுல வேலையை நிறுத்த நோட்டீஸ், 56-ல இடிக்கச் சொல்லி நோட்டீஸ். எழுதுறது ஈஸி, கொண்டுபோய் கையில குடுக்குறதுதான் கஷ்டம்.

ஒரு ஜூன்ல சாரல் ஆரம்பிச்சப்போ ஒரு கடைக்காரர் வாறுகால் மேல காங்கிரீட் போட்டு மூடுனதுல தெருவே முழங்கால் தண்ணி, அத்தை சேலையை தூக்கிச் சொருகிட்டு இறங்கி கம்பியை விட்டு குத்திப் பார்த்து அடைப்பு எங்கன்னு காட்டுனாங்க, அந்தாளு வாய் பேசல, மறுநாளே உடைச்சாரு.

இன்னொண்ணு, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் (கடைசியில திருவிதாங்கூர்-கொச்சி) பக்கம்தானே, பழைய பத்திரம் சிலது மலையாளத்துல இருக்கும், மனை எல்லைத் தகராறு வந்தா படிக்கணும்னே அத்தை நாப்பது வயசுல மலையாளம் கத்துக்கிட்டாங்க. டேப் பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, தைரியமா விண்ணப்பிங்க.